கெண்டைக்கால்

கீழ்வீட்டு மாஸ்டர் கை குலுக்க வந்தால் கொஞ்சம் யோசித்துத்தான் கொடுக்க வேண்டும். பேக்கரியில் மாவு பிசைகிறவர். மெஷின் கலக்கிக் கொடுத்த மாவைப் பலகையில் போட்டு அடித்து, மடித்து, மறுபடி அடித்து, துண்டு போட்டு உருட்டி அச்சில் வைக்கிற வேலை. அவர் பிரியமாக முதுகில் ஒரு தட்டு தட்டினால் மறுநாள் சட்டை போடும்போது நமக்கு அவர் ஞாபகம் வரும். ஆனால் ஆள் பரம சாது. அவ்வளவு பெரிய உடம்பிலிருந்து வருகிற அந்தச் சின்னக் குரலைக் கேட்டால், பின்னால் வேறு யாரோ நின்று பேசுகிறார்களோ என்று எட்டிப் பார்க்கத் தோன்றும்.

நான் அதே கட்டடத்தில் மாடியில் குடியிருக்கிறேன். வயரிங் வேலை. தெருவில் யார் வீட்டில் எந்த ஸ்விட்ச் வேலை செய்யாது என்பதும், யார் வீட்டில் யார் யாரோடு பேசுவதில்லை என்பதும் எனக்குத் தெரியும். ஸ்டூலில் ஏறி நிற்கிறவனை யாரும் ஓர் ஆளாக மதிப்பதில்லை. அதனால் அவன் காதில் எல்லாம் விழும். கீழ்வீட்டுக் கதையும் அப்படித்தான் பாதி என் காதில் விழுந்தது. மீதியை மாஸ்டருடைய மனைவியின் அக்காவே பிறகு என்னிடம் சொன்னாள்.

மாஸ்டருடைய மனைவி சட்டை தைக்கிற கம்பெனியில் காலர் வைக்கிறவள். எல்லோரும் காலரம்மா என்றுதான் கூப்பிடுவோம். ஒரு சட்டையில் கஷ்டமான இடம் காலர்தானாம். கழுத்து வளைவும் பட்டியும் இழுப்பில்லாமல் சேர வேண்டும், இரண்டு முனையும் ஒரே மாதிரி நிற்க வேண்டும். அவள் தைத்த காலரை யாரும் திருப்பி அனுப்பியதில்லை. அந்தக் கர்வம் அவளுக்கு உண்டு. தெருவில் எவனாவது காலர் கோணலாகப் போனால் இவளுக்குப் பொறுக்காது, "யார் கிட்டய்யா தைச்ச?" என்று நிறுத்திக் கேட்டுவிடுவாள்.

அந்தக் கம்பெனிக்கு நான் அடிக்கடி போவேன். டியூப் லைட் எரியவில்லை, மோட்டார் சூடாகிறது என்று ஏதாவது இருக்கும். மாடியில் நீளமான ஒரு ஹால், வரிசை வரிசையாக மெஷின்கள். மழைச்சாரல் துணியில் பட்டுக் கறையாகிவிடும் என்று ஜன்னல்களைச் சாத்தியே வைத்திருப்பார்கள். எல்லாம் மோட்டார் மெஷின். பாதத்தை லேசாக அழுத்தினால் போதும், கால் அசையவே வேண்டாம். பெண்கள் காலையில் உட்கார்ந்தால் கழுத்துக்குக் கீழே கையைத் தவிர எதுவும் அசையாது. சாப்பாட்டு மணி அடித்தாலும் பாதிப்பேர் அதே நாற்காலியில் டப்பாவைத் திறந்து மடியில் வைத்துக்கொள்வார்கள். இறங்கிப் போய் ஏறி வருகிற நேரத்தில் இன்னும் கொஞ்சம் தைத்துவிடலாம் என்று கணக்கு.

கழிவறை கீழே, பின்பக்கம். அத்தனை பேருக்கும் ஒன்றே ஒன்று. அதன் சாவி சூப்பர்வைசருடைய மேஜைக்குப் பின்னால் ஓர் ஆணியில் தொங்கும். துணி வெட்டுகிற ஆம்பளைகள் நிற்கிற வரிசையைத் தாண்டிப் போய், அவரிடம் கேட்டு, சாவியை எடுத்துக்கொண்டு இறங்க வேண்டும். சூப்பர்வைசர் வேண்டாம் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. கடிகாரத்தை ஒரு தரம் பார்ப்பார், அவ்வளவுதான். அதற்குள் காலர் வராமல் அடுத்த மெஷின்காரி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், அவளுக்கு அடுத்தவளும். ஆகவே அங்கே வேலை செய்கிற பெண்கள் தண்ணீர் குடிக்காமல் இருக்கக் கற்றுக்கொண்டார்கள். சாப்பாட்டு வேளையில் ஒரு வாய், அதுவும் தொண்டை நனைய. காலையில் வீட்டில் போய்விட்டு வந்தால் சாயங்காலம் வீட்டுக்குப் போய்த்தான்.

கேட்கிறவனுக்கு வயிறு எரியும். அவர்களுக்கோ அது ஒரு சாமர்த்தியமாகவே ஆகிவிட்டது. யார் ரொம்ப நேரம் தாக்குப்பிடிப்பது என்பதில் ஒரு போட்டி மாதிரி. புதிதாக வந்த பெண் யாராவது தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவந்து மெஷின் பக்கத்தில் வைத்தால், "என்னம்மா, குளிக்கவா வந்திருக்க?" என்று கேட்டு ஹாலே சிரிக்கும். மறுநாள் அந்த பாட்டில் வராது. இந்தக் கேள்வியை முதலில் கண்டுபிடித்தவள் காலரம்மாதான் என்று அவள் அக்கா சொல்வாள்.

அவசர ஆர்டர் வந்துவிட்டால் இன்னொன்றும் உண்டு. மாதாமாதம் வருவதைத் தள்ளிப்போடுகிற மாத்திரை. மருந்துக்கடையில் சீட்டு இல்லாமலே கொடுப்பான். ஒருத்தி வாங்கி வந்தால் வரிசை முழுக்கக் கைமாறும். காலரம்மாவுக்கு அந்த நாட்களில் போக்கு அதிகம், சாவிக்காக நடையாய் நடக்க வேண்டியிருக்கும். அதனால் ஆர்டர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாத்திரையை விழுங்கிக்கொண்டே இருந்தாள். ஒரு வேலையை ஒழுங்காகச் செய்யத் தெரிந்தவர்கள்தான் உடம்பை இந்தப் பாடு படுத்துவார்கள். சோம்பேறிகளுக்கு ஒன்றும் வருவதில்லை.

அந்த வீட்டில் நாலு பேர். மாஸ்டர், காலரம்மா, அவர்களுடைய ஒரே மகள், காலரம்மாவின் அக்கா. அக்கா கல்யாணம் சரிப்படாமல் பெட்டியோடு வந்தவள், பிறகு திரும்பிப் போகவில்லை. அதே கம்பெனியில் பிசிறு வெட்டுகிற வேலை, நின்றபடியே செய்வது. வாய் கொஞ்சம் நீளம். மாஸ்டர் எதிரில் வந்தால் மட்டும் குரலை ஒரு படி இறக்குவாள். தங்கை புருஷன் என்கிற மரியாதை. மகள் கணக்குப் படிப்பு படித்துக்கொண்டிருந்தாள். அவள் லீவு நாளில் அம்மாவைப் பார்க்கக் கம்பெனி வாசலுக்கு வந்தால்கூடக் காலரம்மாவுக்குப் பிடிக்காது. மெஷின் சத்தம் காதில் விழுந்தால் ஒட்டிக்கொண்டுவிடும் என்பாள்.

அந்த வருஷம் மழை முன்னதாகவே பிடித்துக்கொண்டது. பள்ளிக்கூடச் சீருடை ஆர்டர் வந்திருந்தது. காலரம்மா இருட்டின பிறகுதான் வீடு திரும்புவாள். ஒரு நாள் படியில் என்னைப் பார்த்தவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இடது கால் இழுக்கிறது என்றாள். உள்ளே யாரோ ஈரத்துணியை முறுக்குகிற மாதிரி இருக்கிறதாம். மழைக்குளிர், நரம்பு பிடித்திருக்கும் என்றேன். யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

மாஸ்டர் விடிவதற்கு முன்னால் பேக்கரிக்குப் போகிறவர், மத்தியானம் வந்துவிடுவார். அவள் வருவது இருட்டின பிறகு. அவர் எழும்போது அவள் தூக்கம். ஒரே வீட்டில் இருந்தாலும் இரண்டு பேரும் முகம் பார்த்துப் பேசுவது ராத்திரிச் சாப்பாட்டுக்கும் அவர் படுப்பதற்கும் நடுவில் கொஞ்ச நேரம்தான். கால் வலி வந்த பிறகு அந்த நேரத்துக்கு ஒரு வேலை கிடைத்தது. அவள் கட்டிலில் உட்கார்ந்து காலை நீட்டுவாள். அவர் கீழே மணையில் உட்கார்ந்து, கரண்டியில் எண்ணெயைச் சுடவைத்து, அந்தக் கெண்டைக்காலை மடியில் போட்டுக்கொள்வார். கதவு திறந்தே இருக்கும். மாடிப்படி ஏறும்போது நான் பார்ப்பேன்.

"இங்கயா?"

"இன்னும் கொஞ்சம் கீழ."

"கல்லு மாதிரி இருக்கேம்மா. மாவா இருந்தா தண்ணி பத்தலைன்னு சொல்லுவேன்."

உள்ளேயிருந்து அக்கா, பிசைந்தது போதும், அச்சில் வைத்துவிடாதீர்கள் என்று குரல் கொடுப்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். காலரம்மா கண்ணை மூடிக்கொண்டு சிரிப்பாள். அந்தக் கை படுவது அவளுக்கு வேண்டியிருந்தது. வலி குறைந்ததோ இல்லையோ, அவர் தன் காலடியில் உட்கார்ந்து தன்னோடு பேசிக்கொண்டிருக்கிறார் என்பதே அவளுக்குப் பெரிய விஷயமாக இருந்திருக்க வேண்டும். அன்றைக்கு அடுப்பு சரியாகச் சூடேறாமல் ரொட்டி நடுவில் வேகாமல் போனதையும் முதலாளி யாரைத் திட்டினார் என்பதையும் அவர் சொல்வார், அவள் ஹாலில் நடந்ததைச் சொல்வாள். கல்யாணமான புதிதில்கூட இவ்வளவு பேசியதில்லை என்று அவளே அக்காவிடம் சொன்னாளாம்.

ஆனால் கால் வீங்கியது. ஒரு கால் மட்டும். செருப்பு வார் பதிந்து கிடந்தது. தொட்டால் மற்றக் காலை விடச் சூடாக இருந்தது, தோல் லேசாகச் சிவந்து பளபளத்தது. அக்கா ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டச் சொன்னாள். ஆர்டர் முடியட்டும் என்றாள் தங்கை. மருந்துக்கடைக்காரன் வலி மாத்திரையும் சுற்றிக்கொள்ள ஒரு பட்டியும் கொடுத்தான். தள்ளிப்போடுகிற மாத்திரையையும் அதே கடையில்தான் வாங்கினாள். இரண்டையும் ஒரே கவரில் போட்டுக் கொடுத்தவனுக்கு ஒன்றும் தோன்றவில்லை. மாஸ்டர் இன்னும் கொஞ்சம் அழுத்தமாகப் பிசைந்தார். அவருக்குத் தெரிந்த வைத்தியம் அதுதான். இறுகிக் கிடப்பதை இளக்குவது.

விடுமுறை நாள் ஒன்றில் மத்தியானம் முழுக்க மழை. வேலைக்குப் போக வேண்டிய அவசரம் இல்லாததால் அவர் ரொம்ப நேரம் உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டார். இப்போது பரவாயில்லை என்று சொல்லி எழுந்தாள் காலரம்மா. எல்லோருக்கும் டீ போடுகிறேன் என்று அடுப்படிக்குப் போனவள் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். மார்பைப் பிடித்துக்கொண்டாள். அக்கா போட்ட சத்தத்தில் நான் இறங்கி ஓடினேன். அவள் வாயைத் திறந்து திறந்து மூடினாள், மூச்சு உள்ளே போகவில்லை. நெற்றியெல்லாம் வியர்வை. மாஸ்டர் அவளை அப்படியே தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு மழையில் தெருமுனை வரை ஓடினார். நான் ஓர் ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்துவதற்குள் அவர் ஏறிவிட்டார்.

ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாய் வைத்து, ஊசி போட்டு, ஸ்கேன் எடுத்தார்கள். கொஞ்சம் தெளிந்தாள். மருந்து வாங்கி வரச் சொல்லி மாஸ்டரைக் கீழே அனுப்பினார்கள். நானும் அவருடன் போனேன். அந்த நேரத்தில்தான் டாக்டர் வந்திருக்கிறார். சின்ன வயசுப் பெண், பொறுமையாகப் பேசுகிறவர். கட்டில் பக்கத்தில் அக்கா மட்டும் இருந்தாள். அங்கே பேசியதை அக்கா பல தடவை என்னிடம் சொல்லியிருக்கிறாள், வார்த்தை மாறாமல்.

காலில் ரத்தம் உறைந்து கட்டியாகியிருக்கிறது, அதிலிருந்து ஒரு துண்டு கழன்று நுரையீரலில் போய் அடைத்துக்கொண்டது என்றார் டாக்டர். காயம் எதுவும் படவில்லையே, ரத்தம் ஏன் உள்ளேயே உறைய வேண்டும் என்று அக்கா கேட்டாள்.

"வெட்டுப்பட்டு வெளிய வந்தா உறையணும்மா, அது நம்மள காப்பாத்துறதுக்கு. குழாய்க்குள்ளயே உறைஞ்சாத்தான் ஆபத்து. ரத்தம் ஓடிக்கிட்டே இருக்கணும். இவங்க என்ன வேலை பாக்குறாங்க?"

அக்கா சொன்னாள். நாள் முழுக்க எழுந்திருப்பதில்லையா என்று கேட்டார். இல்லை. தண்ணீர்? அக்கா தங்கையைப் பார்த்தாள். வேறு ஏதாவது மாத்திரை? அதையும் சொன்னாள். டாக்டர் அதையும் சீட்டில் எழுதிக்கொண்டார்.

"கீழ இறங்குன ரத்தம் மேல ஏறணும்னா கெண்டைக்கால் சதை அசையணும். அதுதான் அமுக்கி அமுக்கி மேல அனுப்பும். அசையாம தொங்கப் போட்டு உக்காந்தா ரத்தம் தேங்கிடும். தண்ணி கொறைஞ்சா கெட்டியாகும். இந்த மாத்திரை சில பேருக்கு ரத்தம் உறையறத அதிகமாக்கும். ஒண்ணு ரெண்டு இருந்தா உடம்பு சமாளிச்சுக்கும். எல்லாமா சேர்ந்தா என்ன பண்ணும்? வீங்குன காலை யாராவது அமுக்கி விட்டீங்களா?"

அக்கா வாயைத் திறந்தாள். போர்வைக்குள்ளிருந்து காலரம்மாவின் கை வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது. குழாயோடு தலையை இரண்டு பக்கமும் ஆட்டினாள். யாரும் அமுக்கவில்லை.

டாக்டர் அதை நம்பினாரா என்று தெரியவில்லை. "நல்லது," என்றார். "இனிமேலும் யாரும் கை வைக்கக் கூடாது. உறைஞ்சு கிடக்கிற காலைப் பிசைஞ்சா கட்டி கழண்டு மேல போயிடலாம். தானாவும் கழண்டு போகும், அது வேற. ஆனா நாமளா தள்ளி விடக் கூடாதில்லையா." இன்னும் ஆபத்து நீங்கவில்லை, இன்றைக்கும் நாளைக்கும் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

டாக்டர் போன பிறகு காலரம்மா அக்காவைக் குனியச் சொன்னாள். ஒவ்வொரு சொல்லுக்கும் நிறுத்தி நிறுத்தித்தான் பேச முடிந்தது.

"அவர்கிட்ட சொல்லாதக்கா. அந்தக் கைய வச்சுத்தான் அவர் பொழைக்கணும்."

நாங்கள் மருந்தோடு திரும்பி வந்தோம். மாஸ்டர் வந்ததும் கட்டிலின் கால்மாட்டில் போய் உட்கார்ந்தார். பழக்கதோஷத்தில் கை போர்வைக்குள் போனது. வேண்டாங்க, ஊசி போட்ட உடம்பு, தொட்டால் கூசுகிறது என்றாள் அவள். அவர் உடனே எடுத்துக்கொண்டார். ஊசி போட்டது கையில்தானே என்று அவருக்குக் கேட்கத் தோன்றவில்லை. அவள் தன் வலது கையை நீட்டினாள், அதைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அப்போது ஒன்றும் தெரியாது. புருஷன் பெண்டாட்டி ஒட்டுதலைப் பார்த்து மனசுக்கு இதமாகக்கூட இருந்தது.

மறுநாள் காலையில் இன்னொரு துண்டு போய் அடைத்தது. ஊசிமருந்தால் அதை முந்த முடியவில்லை. டாக்டர் வெளியே வந்து அக்காவின் தோளைத் தொட்டார். மாஸ்டர் அப்போது பக்கத்துக் கடையில் அவளுக்கு ரொட்டி வாங்கிக்கொண்டிருந்தார். வேறு பேக்கரி ரொட்டி, அவளுக்குப் பிடிக்குமோ என்னவோ என்று கேட்டபடியே வந்தார். அந்த ரொட்டியை அவர் கையிலிருந்து நான்தான் வாங்கிக்கொண்டேன்.

துக்கம் கேட்க எல்லோரும் வந்தார்கள். கம்பெனியில் வரிசை வரிசையாக லீவு போட முடியாதென்று பெண்கள் ஆர்டர் முடிந்த பிறகு மொத்தமாக வந்தார்கள். சூப்பர்வைசரும் வந்தார். நாற்காலியில் உட்கார்ந்தார், நல்ல கை வேலைக்காரி என்றார், போகும்போது அவரை அறியாமல் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அந்த மனிதரைப் படியில் நிறுத்தி நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று எனக்கு வாய் துடித்தது. கேட்கவில்லை. சாவு வீட்டில் எதைக் கேட்பது.

வந்தவர்களிடமெல்லாம் மாஸ்டர் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். குரல் இன்னும் சின்னதாகிப் போயிருந்தது.

"கடைசி வரைக்கும் அவ காலை நான்தான் பிடிச்சு விட்டேன். அந்த ஒரு குறை வைக்கல. அன்னிக்குக்கூட, இப்ப பரவால்லன்னு சொல்லிட்டுத்தான் எழுந்திரிச்சா."

அவர் இதை ஆரம்பித்தால் அக்கா எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். எனக்கு அது முதலில் விளங்கவில்லை. தங்கை பேச்சை எடுத்தால் தாங்க முடியவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். பல வாரம் கழித்து மொட்டை மாடியில் துணி எடுக்க வந்தவள், ஒரு தலையணை உறையை மடித்துப் பிரித்து மடித்துப் பிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். என்னத்துக்கு என்னிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. யாரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்துவிடுவாள் போல இருந்தாள். சொல்லிவிட்டு, நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்டாள். மனுஷன் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நடமாடுகிறார், அதையும் பிடுங்க வேண்டாம் என்றேன். அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

மாஸ்டர் வேலைக்குப் போனார். வீட்டில் சமையல் நடந்தது. காலரம்மாவுடைய நாற்காலி ஹாலில் காலியாகக் கிடந்தது. அதில் இரண்டு பேரை வைத்துப் பார்த்தார்கள், காலர் கோணிக்கொண்டு போனது. பிறகு சூப்பர்வைசர் மகளுக்கு ஆள் அனுப்பினார். அம்மாவின் கை அவளுக்கும் இருக்கும் என்று அவர் நம்பினார். பாவம், இருக்கத்தான் செய்தது. சின்ன வயதில் வீட்டில் கிடந்த வெட்டுத்துணிகளில் பொம்மைச் சட்டை தைத்துப் பழகியவள். படிப்பு பாதியில் நின்றது. அக்கா சண்டை போட்டாள், சாப்பிடாமல் கிடந்தாள். ஒருத்தர் சம்பாத்தியம் எப்போதும் போதாத வீடு, மகள் யார் சொல்லியும் கேட்கவில்லை. மாஸ்டர் அந்த நாட்களில் எதற்குமே ஒன்றும் சொல்வதில்லை.

மகள் வேலைக்குப் போக ஆரம்பித்ததும் அக்கா, டாக்டர் சொன்னதையெல்லாம் அவளுக்கு ஓதத் தொடங்கினாள். எழுந்து நட, காலை ஆட்டு, அந்த மாத்திரைப் பக்கம் போனால் கையை முறிப்பேன், தண்ணீரைக் குடி. பிசிறு வெட்டுகிற இடத்திலிருந்து அடிக்கடி வந்து பார்ப்பாளாம். பாட்டிலை நிரப்பிக் கொடுத்து அனுப்புவாள். ஹாலில் அதே கேள்வியைக் கேட்டுச் சிரித்தார்கள். சாயங்காலம் பாட்டில் நிரம்பியபடியே வீட்டுக்கு வந்தது. மாஸ்டர் இருக்கும்போதும் இல்லாதபோதும் அக்கா எல்லாவற்றையும் சொன்னாள், ஒன்றைத் தவிர. அதைச் சொல்ல அவசியம் வராது என்று இருந்துவிட்டாள்.

அடுத்த மழைக்காலம். அவர்கள் வீட்டு இஸ்திரிப்பெட்டி போடுகிற ப்ளக் கருகிவிட்டதென்று நான் சாயங்காலம் கீழே போயிருந்தேன். ஸ்டூலைப் போட்டு மெயினை அணைத்துவிட்டு, டார்ச் வெளிச்சத்தில் ஒயரைச் சீவிக்கொண்டிருந்தேன். மகள் வேலை முடிந்து நொண்டிக்கொண்டே உள்ளே வந்தாள். கட்டிலில் உட்கார்ந்து இடது கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டாள். காலையிலிருந்து இழுக்கிறது என்றாள்.

மாஸ்டர் எழுந்தார். எவ்வளவோ நாளைக்குப் பிறகு அவர் முகத்தில் ஒரு சுறுசுறுப்பைப் பார்த்தேன். ஒன்றும் இல்லை, ஒரு நிமிஷம் என்றார். கரண்டியில் எண்ணெயைச் சுடவைத்து எடுத்துவந்தார். மணையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மகளுடைய காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். நான் ஸ்டூலில் ஒயரைப் பிடித்தபடி நின்றேன். சொல்ல வேண்டியது நான் அல்ல என்று தோன்றியது. அடுப்படியிலிருந்து எண்ணெய் வாசனையைப் பிடித்துக்கொண்டு அக்கா வெளியே வந்தாள்.

"கைய எடுங்க, மாப்பிள்ளை."

வயசுக்கு வந்த பெண் என்பதற்காகச் சொல்கிறாள் என்று அவர் நினைத்துவிட்டார். "நம்ம புள்ளதானே அண்ணி," என்று சொல்லி எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றிக்கொண்டார்.

"கைய எடுங்கன்னு சொல்றேன்ல."

அவள் அவரிடம் அப்படி ஒரு குரலில் பேசி யாரும் கேட்டதில்லை. அவர் இரண்டு கையையும் விலக்கினார். எண்ணெய் தரையில் சொட்டியது. அக்கா மகளுடைய காலை அவர் மடியிலிருந்து மெதுவாகத் தூக்கிக் கட்டிலில் வைத்தாள்.

"அன்னிக்கு டாக்டரம்மா சொன்னாங்க. இந்த மாதிரி காலைப் பிசையக் கூடாதாம். உள்ள உறைஞ்சிருந்தா கழண்டு மேல போயிடுமாம்."

இதைச் சொன்ன பிறகு, தானாகவும் கழன்று போகுமாம், அதனால்தான் என்று இல்லையாம் என்றும் அவசர அவசரமாகச் சொன்னாள். அது அவர் காதில் விழுந்ததா என்பது சந்தேகம். அவர் மணையிலேயே உட்கார்ந்திருந்தார். நாங்கள் பெண்ணை உடனே கொண்டுபோய்க் காட்டிவிடலாம், நடக்கவிட வேண்டாம் என்றோம். தூக்குங்கள் மாப்பிள்ளை என்று அக்கா சொன்னாள். அவர் எழுந்தார், கட்டில் பக்கம் வந்தார், அவளைத் தொடவில்லை. நானும் அக்காவும் ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனோம். அவர் முன்னால் போய்க் கதவைத் திறந்துவிட்டார்.

அதே ஆஸ்பத்திரி. மகளை ஸ்கேன் அறைக்குள் கொண்டுபோய்விட்டார்கள். வெளியே பெஞ்சில் நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். மழை ஜன்னலில் அடித்துக்கொண்டிருந்தது. எனக்கு எழுந்து எங்கேயாவது போய்விடலாம் போலிருந்தது. ரொம்ப நேரம் கழித்து மாஸ்டர் பேசினார்.

"அவளுக்குத் தெரியுமா, அண்ணி?"

அக்கா ஸ்கேன் அறைக் கதவையே பார்த்தாள். அவர் மறுபடி கேட்கவில்லை, ஆனால் முகத்தைத் திருப்பவும் இல்லை. கடைசியில் அவளால் முடியவில்லை.

"தெரியும். அவதான் சொல்ல வேணாம்னா."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். அழவில்லை. அழுதிருந்தால் நாங்கள் ஏதாவது சமாதானம் சொல்லியிருக்கலாம். தொட்டால் கூசுகிறது என்று அவள் சொன்னது அவருக்கு அப்போது ஞாபகம் வந்திருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு நினைப்பு. அக்கா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு மறுபக்கம் திரும்பிக்கொண்டாள்.

கதவு திறந்தது. மகள் தானே நடந்து வந்தாள். கூடவே ஒரு டாக்டரும். பழைய டாக்டர் இல்லை, வேறு ஒருவர், வயசானவர், வீட்டுக்குக் கிளம்புகிற அவசரத்தில் இருந்தார். ரத்தக்குழாயில் ஒன்றுமே இல்லை, சுத்தமாக இருக்கிறது என்றார். ஒரே மாதிரி உட்கார்ந்ததில் சதை பிடித்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னார். அக்கா இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டாள். பிறகுதான் தான் எதைக் கொடுத்துவிட்டு இந்த வார்த்தையை வாங்கினோம் என்பது அவளுக்கு உறைத்தது போல, அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

டாக்டர் மாஸ்டரைப் பார்த்தார். அவருடைய கையையும் பார்த்திருப்பார் போலிருக்கிறது, லேசாகச் சிரித்தார்.

"அப்பாவா? பயப்படாதீங்க. வீட்டுக்குப் போய் எண்ணெயைக் காய்ச்சி நல்லா பிடிச்சு விடுங்க. காலைல ஓடுவா."

மகள் அப்பாவின் பக்கத்தில் வந்து நின்றாள், சாய்ந்துகொள்கிற மாதிரி. அவர் ஓரடி நகர்ந்துகொண்டார். கை இரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டு அக்காவைப் பார்த்தார்.

"நீங்க பிடிச்சு விடுங்க, அண்ணி," என்றார்.